வழியனுப்பு விருந்து: வீட்டில் சமைப்பதா, பக்கெட் பிரியாணி சொல்லிவிடுவதா?

3 மே 2025, சனி. வாசகர் ஒருவரின் கேள்வி

"ஊரை விட்டுப் போகிற நண்பருக்கு வீட்டில் சமைத்து விருந்து வைப்பது வீண் வேலை என்பது என் கருத்து. சமைக்கிறவர் ராத்திரி முழுக்க அடுப்படியில் நிற்பார். போகிறவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேச முடியாது. இரண்டு பக்கெட் பிரியாணி சொல்லிவிட்டு எல்லோரும் கூடத்தில் உட்காரலாமே? மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்."

3 மே, இரவு 10.15

மறுக்கிறேன். காரணம் நாளைக்கு. கிரைண்டரில் இட்லி மாவு ஓடுகிறது, அந்தச் சத்தத்தில் யோசனை ஓடவில்லை.

4 மே, ஞாயிறு

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் அண்ணன் இந்த மாதம் 22ஆம் தேதி மெல்போர்னுக்குப் போகிறார். மகன் அங்கே இருக்கிறான். போவதற்கு டிக்கெட் எடுத்திருக்கிறார்கள், திரும்பி வர எடுக்கவில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் "ண்ணா" என்பேன், அவர் "சாமி" என்பார். செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். கண் மங்கத் தொடங்கியதும் போன தீபாவளியோடு மூடிவிட்டார்.

இவருக்கு பக்கெட் பிரியாணி வாங்கி வைத்தாலும் சாப்பிட்டுவிட்டு "நல்லா இருந்துச்சு சாமி" என்றுதான் சொல்வார். எதையும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அதுதான் எனக்குச் சிக்கல். 2011இல் என் அப்பா தவறியபோது எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் அந்த வீட்டிலிருந்துதான் சோறு வந்தது. போசி போசியாக. ரசம் ஒரு போசி, சோறு ஒரு போசி, அம்மாவுக்கு மட்டும் தனியாகக் காரம் குறைத்து ஒரு சின்னப் போசி. அந்தச் சின்னப் போசியை நான் மறக்கவில்லை. அதற்குக் கடையில் வாங்கி ஈடு கட்ட முடியாது என்று நினைக்கிறேன். காரணம் இவ்வளவுதான், பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

விருந்து 18ஆம் தேதி, ஞாயிறு இரவு. பதினான்கு பேர். அடுப்படி ஒன்பதடிக்கு எட்டடி, இரண்டு பர்னர் அடுப்பு. அக்னி நட்சத்திரம் இன்றுதான் தொடங்குகிறது. மனைவி வங்கியில் வேலை பார்க்கிறாள். பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை சமையல் என்னுடையது, அதனால் அனுபவம் இல்லாதவன் என்று யாரும் அடிக்க வர வேண்டாம். பதினான்கு பேருக்குச் சமைத்த அனுபவம்தான் இல்லை.

6 மே

இதுவரை தேறிய பட்டியல். முதலில் தட்டுவடை செட். அப்புறம் இலையில் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, பள்ளிபாளையம் சிக்கன். அண்ணனின் அக்காவும் எங்களோடு கேரம் ஆடும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரும் சைவம். அவர்களுக்காகக் கொள்ளுப் பருப்பு கடைந்தது, வாழைக்காய் வறுவல். எல்லோருக்கும் கொள்ளு ரசம், மாங்காய்ப் பச்சடி, தயிர். கடைசியில் ஜவ்வரிசிப் பாயசமும் மாம்பழமும்.

பள்ளிபாளையம் சிக்கனுக்கு இஞ்சி பூண்டு விழுதும் கரம் மசாலாவும் எவ்வளவு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சுழியம். பள்ளிபாளையம் நாமக்கல் மாவட்டத்தில், காவிரிக்கு இந்தக் கரையில் இருக்கிறது, எதிர்க்கரையில் ஈரோடு. கறியின் குணமே அதில் ஒன்றும் இல்லாததுதான். ஒரு கிலோ கோழிக்கு இருபது, இருபத்தைந்து வரமிளகாய், கிள்ளி விதையை உதறிவிட்டது. கால் கிலோ சின்ன வெங்காயம். அரை மூடித் தேங்காய், பல்லுப் பல்லாகக் கீறியது. மஞ்சள் தூள், உப்பு, கறிவேப்பிலை, எண்ணெய். தக்காளி கிடையாது, மல்லித்தூள் கிடையாது. கோழி விடும் தண்ணீரிலேயே வேக வேண்டும், வேண்டுமானால் கை தெளித்துக்கொள்ளலாம். விதையை உதறாமல் போட்டால் சாப்பிடுகிறவர் மறுநாள் உங்களைத் தேடி வருவார். இஞ்சி பூண்டு போட்டதும் நன்றாகவே இருக்கும். ஆனால் அது கோழி வறுவல். அதற்கு ஊர்ப் பெயர் வைக்காதீர்கள்.

7 மே

நேற்று கொஞ்சம் துள்ளிவிட்டேன். என் மாமியார் வீடு குமாரபாளையம், பள்ளிபாளையத்துக்குப் பக்கத்து ஊர். மனைவி அங்கே போன் போட்டுக் கேட்டதில் பூண்டு நாலு பல் தட்டிப் போடுவார்களாம், நாற்பது வருடமாக. இதை என் திருமணத்திலிருந்து யாரும் என்னிடம் சொல்லவில்லை. சரி, பூண்டுக்கு மன்னிப்பு. கரம் மசாலாவுக்கு இல்லை.

11 மே, ஞாயிறு

விருந்துக்குச் சம்பந்தம் இல்லாதது மாதிரித் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுக்கு ஒருமுறை போய் வரலாமா என்று அண்ணன் கேட்டார். காலை ஐந்தரைக்கு அடிவாரத்தில் இருந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும் எண்ணை அவர் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார், சின்னப் பிள்ளை மாதிரி. பதினைந்தைத் தாண்டியதும் கண்ணாடியை இறக்கச் சொன்னார். கீழே வியர்வையோடு ஏறியவர்களுக்கு அந்தக் காற்று போதும்.

ஏரிப் பக்கம் போகவில்லை. மே மாதம் அங்கே தலைதான் தெரியும், தண்ணீர் தெரியாது. எங்களுக்கு வேண்டியது மிளகு. தெரிந்த தோட்டக்காரர் ஒருவர் இருக்கிறார். மலையில் காபிச் செடிக்கு நிழலுக்காக சில்வர் ஓக் வைத்திருப்பார்கள், அந்த மரத்திலேயே மிளகுக் கொடியை ஏற்றிவிடுவார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் பறித்துக் காயவைத்த மிளகு இப்போது சாக்கில் இருக்கும். அரைக் கிலோ வாங்கினோம். அண்ணன் ஒரு மிளகை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தார், கடித்தார், மூக்கை உறிஞ்சினார், தலையாட்டினார். வெள்ளி வாங்குகிறவர் கொள்முதல் செய்கிற மாதிரி.

காபிக்கொட்டையும் வறுத்து அரைத்து ஒரு கிலோ வாங்கினார், எடுத்துப் போக. மெல்போர்னில் காபி பிரமாதம் என்று மகன் சொல்லியிருக்கிறானாம். அங்கே நான் ஒரு கணக்குச் சொன்னேன். சேர்வராயன் மலைக்குக் காபிச் செடி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டது. மெல்போர்ன் என்று ஓர் ஊர் உருவானதே 1835இல்தான். நம்ம காபிக்கு அந்த ஊரைவிட வயது அதிகம். அண்ணன் ரொம்ப நேரம் சிரித்தார். "இதை அவங்கிட்டச் சொல்லணும், எழுதிக் குடு சாமி" என்று, மிளகு கட்டிய காகிதத்தின் ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தார்.

இறங்கும்போது கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக வந்தோம். சுற்றுதான், ஆனால் அந்தப் பக்கம் வண்டி குறைவு. அவர் பேசவே இல்லை. நானும் பாட்டுப் போடவில்லை.

ஆஸ்திரேலியாவுக்கு என்னென்ன கொண்டுபோகலாம் என்று கேட்டவருக்கு: பச்சை மாம்பழம், கறிவேப்பிலைக் கொத்து, விதை எல்லாம் நினைக்கவே வேண்டாம். சாப்பாட்டுச் சாமான் எதுவானாலும் இறங்கும்போது தரும் அட்டையில் 'ஆம்' என்று குறித்து, பையைத் திறந்து காட்டிவிட வேண்டும். மறைத்து மாட்டினால் அபராதம் கனமாக விழும். அண்ணி கறிவேப்பிலையைப் பொடியாக்கலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

13 மே

பாயசத்துக்கு எந்த ஜவ்வரிசி என்று மூன்று பேர் கேட்டாயிற்று. சேலத்துக்காரனிடம் கேட்கிற கேள்விதான்.

இரண்டு வகை. மாவு ஜவ்வரிசி வெள்ளையாக, பார்த்தால் சுண்ணாம்பு உருண்டை மாதிரி இருக்கும். நைலான் ஜவ்வரிசி கண்ணாடி மாதிரி. நைலான் என்றதும் பிளாஸ்டிக் கலப்பு என்று ஒரு வாட்ஸப் வதந்தி சுற்றுகிறது, அதை அனுப்புகிறவர்களுக்கு நான் பதில் போடுவதை நிறுத்திவிட்டேன். இரண்டுமே குச்சிக்கிழங்குதான், அதாவது மரவள்ளிக்கிழங்கு. கிழங்கைத் தோலுரித்து அரைத்து, பால் எடுத்து, தொட்டியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் மாவைக் குலுக்கிக் குலுக்கி உருட்டுகிறார்கள். உருண்டையைச் சட்டியில் வறுத்துக் காயவைத்தால் மாவு ஜவ்வரிசி, ஆவியில் வேகவைத்துக் காயவைத்தால் நைலான். ஆவியில் வெந்தது பாலில் கொதித்தாலும் முத்து முத்தாக நிற்கும். வறுத்தது கரைந்து கூழாகும், அது வடகத்துக்கு. பாயசம் என்றால் நைலான். இதில் மறுபேச்சே கிடையாது.

அசல் ஜவ்வரிசி, அதாவது சேகோ, வேறொரு பனையின் தண்டுச் சோற்றிலிருந்து வருவது, இறக்குமதிச் சரக்கு. இரண்டாம் உலகப் போரில் அது வராமல் போனபோதுதான் இங்கே கிழங்கில் செய்யத் தொடங்கினார்கள். போலியாகத் தொடங்கியதற்கு 2023இல் 'சேலம் ஜவ்வரிசி' என்று புவிசார் குறியீடே வந்துவிட்டது.

15 மே

அளவு கேட்டவர்களுக்கு. பதினான்கு பேரில் இரண்டு சைவம், இரண்டு குழந்தைகள். அரிசி ஒன்றரைக் கிலோ. ஆட்டுக்கறி இரண்டு கிலோ, கோழி இரண்டு கிலோ. சின்ன வெங்காயம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றரைக் கிலோ. கொள்ளு அரைக் கிலோ, முந்தின ராத்திரியே ஊறப்போட வேண்டும். வேகவைத்த தண்ணீர் ரசத்துக்கு, பருப்பு கடைய. ஜவ்வரிசி கால் கிலோ, பால் இரண்டு லிட்டர்.

தட்டுவடை செட் வெளியூர்க்காரர்களுக்கு: ஒரு தட்டுவடையின் மேல் காரச் சட்னியும் பச்சைச் சட்னியும் தடவி, துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக அரிந்த வெங்காயம், கொத்தமல்லி வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடுவது. ஒரே வாயில் போட வேண்டும், கடித்துச் சாப்பிட்டால் சட்டையில் பீட்ரூட். ஆளுக்கு மூன்று செட் என்றால் எண்பத்து நாலு தட்டுவடை. வரும் வழியில் உடைந்ததை வீசாமல் அதே சட்னியில் பிரட்டினால் நொறுக்கல். நான் செட்டைவிட நொறுக்கல் கட்சி.

குழம்பில் உப்பு கூடிப்போனால் என்ன செய்வது என்று ஒருவர் முன்ஜாக்கிரதையாகக் கேட்டிருக்கிறார். உருளைக்கிழங்கை வெட்டிப் போடுங்கள், உப்பை இழுத்துக்கொள்ளும்.

17 மே, சனி இரவு

மசாலா அரைத்து பிரிட்ஜில் வைத்தாயிற்று. சின்ன வெங்காயம் உழவர் சந்தையில், மிளகாய் லீ பஜாரில். வாழை இலை பதினெட்டு, கிழிவது நாலு என்று கணக்கு. அம்மா மாடியில் வடகம் பிழிந்து முடித்துவிட்டு, மீதிச் சாமானையெல்லாம் நான் சுத்தம் செய்துவைத்த அலமாரியில் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார். சண்டை போட நேரம் இல்லை. காலை ஐந்தரைக்குக் கறிக்கடை வரிசையில் நிற்க வேண்டும். இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்கு ஏழு மணிக்குப் போகிறவனுக்கு எலும்பும் அறிவுரையும்தான் கிடைக்கும்.

18 மே, இரவு 11.50

முடிந்தது. குழம்பு உப்பு. பாயசம் கூழ். நாளைக்கு எழுதுகிறேன்.

19 மே, திங்கள்

விருந்து எட்டு மணிக்கு என்று சொல்லியிருந்தேன். அண்ணன் மதியம் இரண்டரைக்கே வந்து நின்றார். "வூட்ல பெட்டி கட்றாங்க சாமி. எங்க உக்காந்தாலும் எந்திரிங்கறாங்க." அடுப்படித் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஒன்றரைக் கிலோ வெங்காயத்தை முறத்தோடு தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விருந்தாளி என்று நான் தடுத்ததை அவர் காதில் வாங்கவில்லை.

பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் லேசாக வரும் என்றேன். வேண்டாம் என்றார். வேரடியில் கத்தியால் ஒரு சீவல், தலையில் ஒரு கிள்ளல், மேல்தோலும் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வும் ஒரே இழுப்பில் வந்துவிடும். உரித்ததை முறத்தில் மூன்று குவியலாகப் போட்டுக்கொண்டே வந்தார். பெரிசு, நடுத்தரம், பொடிசு. எல்லாம் ஒரே சட்டிக்குத்தானே போகிறது, எதற்கு இது என்று கேட்டேன். குவியலைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. "கை பண்ணுது சாமி, நான் பண்ணலை." கொலுசுக்குக் கோக்கிற சலங்கை மணியை முப்பத்தைந்து வருடம் அளவு பார்த்துப் பிரித்த கை.

பட்டறைச் சாமான்களை எடைக்குப் போட்டுவிட்டாராம். ஊதுகுழல், கம்பி இழுக்கும் அச்சு எல்லாம். சாமணம் ஒன்றை மட்டும் பெட்டியில் வைத்திருக்கிறார். எதற்கு என்றால், "அந்த ஊர்ல முள்ளு குத்தாதா?"

பிறகு அவராகவே எடுத்தார். 2014இல் நாங்கள் எட்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. சாக்கடை ஓரத்துச் சுவர் ஒன்றுக்காக, அதற்கு மேல் எழுதினால் சிரிப்பீர்கள். அப்புறம் பேசத் தொடங்கினோம், ஆனால் அந்தச் சுவரைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. நேற்று வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அந்தச் செவுரு விசயத்துல நீ சொன்னதுதான் சரி." நான், "இல்லண்ணா, நீங்க சொன்னதுதான் சரி" என்றேன். "அதெப்படி? தண்ணி உங்க பக்கம்தானே எறங்குச்சு?" என்றார். "எங்க பக்கம் பள்ளம், எறங்கத்தான் செய்யும்" என்றேன். இப்படியே அரை மணி நேரம். மனைவி எட்டிப் பார்த்து, "மறுபடியும் சண்டையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவரே கொள்ளு கடைந்தார். தேங்காய் கீறினார். நடுவில் நான் இரண்டு முறை கடைக்கு ஓடினேன், சிலிண்டர் மாற்றினேன். ஆறு மணிக்கு அண்ணி வந்து, குளித்துச் சட்டை மாற்றி விருந்தாளியாக வாருங்கள் என்று இழுத்துப் போனார்.

எட்டு மணிக்குமேல் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிளகாய் நெடியில் வீடே இருமியது. எதிர்வீட்டுக் குழந்தைகள் தெருவுக்கு ஓடின. ஆனால் பள்ளிபாளையம் நினைத்தபடி வந்தது (பூண்டு போட்டேன், நாலு பல்). என் மகன் தட்டுவடை செட்டை ஏழரைக்கே அடுக்கி வைத்ததில் பாதி நமுத்துவிட்டது. தலைமை ஆசிரியர் ரசத்தை மூன்று முறை டம்ளரில் வாங்கிக் குடித்தார், ஏற்காட்டு மிளகுக்கு அந்த மரியாதை உண்டு.

குழம்பு. ஏழேகாலுக்கு ருசி பார்த்த மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கடல் தண்ணீர். குக்கரில் கறி வேகும்போது நான் உப்புப் போட்டேன், அது அளவான உப்பு. மசாலா கொதிக்கும்போது அவள் ஒரு கை போட்டிருக்க வேண்டும். இல்லை என்கிறாள். சரி, அதை விடுவோம். ஆறு உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டேன்.

பாயசம். ஏழு மணிக்குப் பாயசமாக இருந்தது. ஒன்பதரைக்குக் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. நைலான் ஜவ்வரிசி என்று பக்கம் பக்கமாக எழுதியவன், அலமாரியில் கைக்கு வந்த பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டியிருக்கிறேன். அது அம்மா வடகத்துக்கு வைத்திருந்த மாவு ஜவ்வரிசி. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, "காலைல சொல்லியிருந்தா வெயில்ல ஊத்தியிருப்பேன்" என்றார். இன்னும் அரை லிட்டர் பால் காய்ச்சி ஊற்றிக் கரைத்துப் பரிமாறினோம். குழந்தைகள் மட்டும் இரண்டாவது முறை கேட்டார்கள்.

அண்ணனிடம் முன்பு வேலை பார்த்த இரண்டு பேரும் வந்திருந்தார்கள். கூடத்தில் உட்காரச் சொன்னால் வாசல்படியை விட்டு நகரவில்லை. அண்ணன் போய் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து வந்து தன் இரண்டு பக்கமும் உட்கார வைத்துக்கொண்டார். மூன்று பேரும் பேசாமல் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் தன் இலையை மடித்து, விருந்தாளி இலை எடுக்கக் கூடாது என்று அண்ணி கத்தக் கத்த, அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுப் பின்கட்டுக்குப் போய்ப் போட்டுவிட்டு, அங்கேயே குழாயில் கை கழுவி, விளக்கையும் அணைத்துவிட்டு வந்தார்.

குழம்பைப் பற்றி அவர் சொன்னது: "நல்லா இருந்துச்சு சாமி."

20 மே

15ஆம் தேதி நான் சொன்ன உருளைக்கிழங்கு வைத்தியத்தைத் திரும்பப் பெறுகிறேன். கிழங்கு உப்பை மட்டும் தேடிப் பிடித்து உறிஞ்சுவதில்லை. உப்புத் தண்ணீரை அப்படியே உறிஞ்சுகிறது. கிழங்கும் உப்பாகிறது, மிச்சக் குழம்பு அதே உப்பில் இருக்கிறது. எனக்கு நடந்ததும் அதுதான்: உப்புக் குழம்பு, கூடவே ஆறு உப்புக் கிழங்கு. காப்பாற்றியது வேறு. நாலு கரண்டிக் குழம்பை வெளியே எடுத்துவிட்டு, உப்பில்லாமல் அரைத்த தேங்காயும் சுடுதண்ணீரும் ஊற்றி, வெங்காயமும் மிளகும் தனியாக வதக்கிச் சேர்த்துக் கொதிக்கவிட்டேன். உப்பைக் குறைக்க முடியாது, குழம்பைத்தான் கூட்டலாம்.

எலுமிச்சை பிழியச் சொன்னவருக்கு: புளிப்பு உப்பைக் கொஞ்சம் மறைக்கும், உண்மை. ஆனால் ஆட்டுக்கறிக் குழம்பில் எலுமிச்சையா? யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது உப்பை யார் போட்டது என்று வீட்டில் இன்னும் தீரவில்லை.

21 மே

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடியும் வந்து, "அன்று ராத்திரி அவரோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள்?" என்று நேராகக் கேட்டிருக்கிறார்.

பத்து நிமிடம்கூட இல்லை. நீங்கள் சொன்னது சரி. எட்டிலிருந்து பத்தரை வரை நான் சோறு வடித்தேன், பரிமாறினேன், பாயசத்தோடு மல்லுக்கட்டினேன். கடைசிப் பந்தியில் நான் உட்காரும்போது அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ராத்திரியை மட்டும் எண்ணினால் பிரியாணி ஜெயிக்கிறது. ஆனால் மதியம் இரண்டரையிலிருந்து ஆறு வரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பக்கெட் வரப்போகிற வீட்டுக்கு அவர் இரண்டரைக்கு ஏன் வரப் போகிறார், வந்தாலும் எதை உரிப்பார்? சுவர் அங்கேயே நின்றிருக்கும்.

இன்னொரு முறை செய்தால் மாற்றுவது: ஒரு கறி போதும், இரண்டு கறி வீம்பு. தட்டுவடையை அடுக்காமல் தட்டில் எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்து, அவரவரே செட் போட்டுக்கொள்ளச் சொல்வேன். பாயசத்தை யாராவது வேறு ஆளிடம் ஒப்படைப்பேன். உப்பு ஜாடியை இடுப்பில் கட்டிக்கொள்வேன்.

மாம்பழம் எப்படி இருந்தது என்று யாருமே கேட்கவில்லை. சேலம் குண்டு, இமாம்பசந்து இரண்டும் வைத்தேன். அன்று பழுது சொல்ல முடியாத ஒரே பண்டம் அதுதான், நான் சமைக்காதது.

22 மே, வியாழன்

இன்று கிளம்பிவிட்டார்கள். பெங்களூருவில் விமானம், இங்கிருந்து காரில். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் ஊர் திரும்பும்போது பெண் வீட்டில் கட்டுச்சாதக் கூடை கொடுத்து அனுப்புவது வழக்கம். நானும் அதே மாதிரி புளிச்சாதம் கட்டிக் கொடுக்கலாம் என்று காலை நாலரைக்கு எழுந்தேன். புளிக்காய்ச்சல் நேற்றே தயார். நல்லெண்ணெய் ஊற்றி, வறுத்த எள்ளுப்பொடி தூவி, நிலக்கடலை போட்டுக் கிளறி, வாழை இலையை வாட்டிக் கட்டி, மேலே செய்தித்தாள். நான்கு பொட்டலம். கூட வடகம், அம்மாவுடையது.

பதினோரு மணிக்குக் கார் தெரு முனை திரும்பியது. ஒன்றரைக்கு போன்.

"கிருஷ்ணகிரி தாண்டி ஒரு புளியமரத்தடியில உக்காந்திருக்கோம் சாமி."

"சாப்பிட்டீங்களாண்ணா? எப்படி இருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் அண்ணி சிரிக்கிற சத்தம்.

"இதுல உப்பே இல்ல சாமி."

ஞாயிற்றுக்கிழமை பயத்தில் காலையில் ஜாடிப் பக்கமே நான் போகவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் என் சமையலைப் பற்றி அவர் சொன்ன முதல் குறை. வடகத்தில் உப்பு இருக்கிறது, அதைத் தொட்டுக்கொள்கிறோம் என்றார். அப்புறம், "ஒண்ணு சொல்லணும், கோச்சுக்காத. அன்னிக்கு நீ சிலிண்டர் மாத்தப் போனப்ப கொழம்புல நானும் ஒரு கை போட்டேன்" என்றார்.

மனைவி இதைப் படித்துவிட்டு, மேலே 19ஆம் தேதிக் குறிப்பைத் திருத்தச் சொல்கிறாள். எழுதியதை அழிப்பது எனக்குப் பழக்கமில்லை, இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டாவது உப்பு அவள் போட்டதல்ல.